வேப்பிலைக்குள் இருந்த பூஞ்சைகள்: நாலு மாதக் குறிப்பு

அத்தைக்கு மருந்து ஏற்றிய நாட்களில் நான்தான் கூட இருந்தேன். தலைக்கு மேல் தொங்கிய பாட்டிலில் பாக்லிடாக்செல் என்று எழுதியிருந்தது. புற்றுநோய் மருந்து. பதினோரு வருடமாக மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அந்தப் பெயரை எத்தனையோ முறை பில்லில் அடித்திருக்கிறேன். அது ஒரு மரப்பட்டையிலிருந்து வந்த மருந்து என்பது அன்று ராத்திரி வார்டில் உட்கார்ந்து போனில் படித்துத்தான் தெரியும்.

பசிபிக் யூ என்ற மரம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் 1962இல் அதன் பட்டையை எடுத்துப் போனார்கள். அதிலிருந்து டாக்ஸால் என்ற பொருளை (பாக்லிடாக்செலின் பழைய பெயர்தான் அது) பிரித்து அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டவர்கள் மன்றோ வால், மன்சுக் வானி இருவரும். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு கிலோ மருந்துக்கு ஆயிரக்கணக்கான மரம் தேவைப்பட்டது. இந்த நிலையில்தான் 1993இல் ஆண்ட்ரியா ஸ்டியர்ல், கேரி ஸ்ட்ரோபல் குழுவினர் ஒரு செய்தி சொன்னார்கள்: மொன்டானாவில் நின்ற ஒரு யூ மரத்தின் பட்டைக்குள் வாழும் பூஞ்சையும், மரத்தை விட்டுத் தனியே வளர்த்தபோது, டாக்ஸாலை ஆக்குகிறது. டாக்ஸோமைசஸ் ஆண்ட்ரியானே என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். லிட்டருக்கு நானோகிராம் கணக்கில்தான் கிடைத்தது. ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மரத்துக்குள் இன்னொரு உயிர், அதுவும் மருந்து செய்கிறது!

இப்படிச் செடிக்குள் குடியிருந்து, செடிக்கு நோய் எதுவும் காட்டாமல் வாழ்பவற்றை எண்டோஃபைட் என்கிறார்கள். உள்வாழ் பூஞ்சை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். ஆராய்ந்து பார்த்த செடிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இவை இருந்திருக்கின்றன. அப்படியானால் அத்தை வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேப்பமரத்திலும் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. மருந்து கண்டுபிடிப்பது இல்லை.

தேவையானவை பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தன. உருளைக்கிழங்கு 100 கிராம் வேகவைத்து வடித்த தண்ணீர், டெக்ஸ்ட்ரோஸ் 10 கிராம், அகர் 10 கிராம், எல்லாம் சேர்ந்து அரை லிட்டர். பூஞ்சைக்குச் சாப்பாடான இந்தக் கலவையைத்தான் ஊடகம் என்கிறார்கள். அகர் என்பது நோன்புக் காலத்தில் இனிப்பு செய்யும் கடல்பாசிதான். மன்னார் வளைகுடாவில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களின் உழைப்பிலிருந்து வருகிற பொருள் அது. ஆய்வகங்களில் இன்றும் அதற்கு ஈடாக வேறொன்று பரவலாக வரவில்லை. ஊடகத்தை ஊற்றி வைக்க, மூடி போட்ட கண்ணாடிப் பெட்ரி தட்டுகள் இருபது ஆன்லைனில் வாங்கினேன். தட்டுகளையும் ஊடகத்தையும் குக்கரில் வைத்து, விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து இருபது நிமிடம்.

ஒரு விஷயம் அனுபவத்தில் தெரிந்தது. பாக்டீரியா வராமல் இருக்க ஊடகத்தைக் கொஞ்சம் புளிப்பாக்க வேண்டும். எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) முதலிலேயே போட்டு வேகவைத்தேன். அகர் உறையாமல் கூழாகவே நின்றது. புளிப்போடு சேர்ந்து கொதித்தால் அகர் உடைந்துபோகும். எலுமிச்சை உப்புக் கரைசலைத் தனியாக வேகவைத்து, ஊடகம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் சேர்த்தால் சரியாக இறுகுகிறது. ஆன்டிபயாடிக் போடலாம் என்று புத்தகங்களில் இருக்கிறது. எங்கள் கடையிலேயே இருக்கிறதுதான். ஆனால் விளையாட்டுக்காக அதை எடுத்துப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதல் சுற்று முழுவதும் வீண். முற்றிய இலைகளைக் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் சில நொடி முக்கி, 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (ப்ளீச் திரவம்) ஒன்றரை நிமிடம் வைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, அரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டித் தட்டில் வைத்தேன். மூன்றாம் நாள் எல்லாத் தட்டிலும் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் முத்திரைத் தட்டைப் பார்த்தேன்.

முத்திரைத் தட்டு என்பது இந்த முயற்சியின் உயிர். மேற்புறம் சுத்தம் செய்த இலையை ஊடகம் மட்டும் உள்ள ஒரு தட்டில் அழுத்தி, பத்து நொடி வைத்து எடுத்துவிட வேண்டும். அந்தத் தட்டில் எதுவும் முளைக்கக் கூடாது. முளைத்தால் இலையின் தோல்மேல் இருந்த வித்துகள் (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்கள்) சாகவில்லை என்று அர்த்தம். அல்லது காற்றிலிருந்து விழுந்திருக்கும். என் முத்திரைத் தட்டிலும் அதே பச்சை, அதே கறுப்பு. நான் வளர்த்தது வேம்புக்குள் இருந்ததை இல்லை, என் அறைக் காற்றில் இருந்ததை. வேலை செய்தபோது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் திறக்காமலே குக்கரில் போட்டு வேகவைத்துக் கொட்டினேன்.

இரண்டாம் சுற்றுக்கு ஒரு தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் கை நுழைய இரண்டு ஓட்டை போட்டு, உள்ளே ஸ்பிரிட்டால் துடைத்து, அதற்குள்ளேயே எல்லாம் செய்தேன். விசிறி இல்லை, ஜன்னல் சாத்தியாயிற்று. சித்திரை மாதம், வேர்வை கொட்டியது. ஆல்கஹால் ஆவி நிற்கும் பெட்டிக்குள் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. கத்தியை வெளியே சுட்டு, ஆறவைத்துத்தான் உள்ளே எடுத்தேன். இந்த முறை முற்றிய இலையில் 24 துண்டு, செந்தளிரில் 24 துண்டு, இரண்டுக்கும் தனித்தனி முத்திரைத் தட்டு.

முத்திரைத் தட்டுகள் இரண்டும் கடைசி வரை துடைத்துவிட்டது போல் இருந்தன.

இலைத் துண்டுகளிலும் நாலு நாள் எதுவும் இல்லை. ஐந்தாம் நாள் ராத்திரி டார்ச் அடித்து, போனில் மாட்டும் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். ஒரு துண்டின் நடுநரம்பு வெட்டுப்பட்ட முனையிலிருந்து, இலையின் தோலிலிருந்து இல்லை, சரியாக அந்த வெட்டு வாயிலிருந்து, ஏழெட்டு வெள்ளை நூல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சிலந்தி நூலைவிட மெல்லிசு. டார்ச்சைச் சாய்த்தால் மறைந்தது, நிமிர்த்தினால் மின்னியது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இம்புட்டு வருசமா நான் கும்பிடுற மரத்துக்குள்ள இதுவும் இருந்துச்சா மருமகனே” என்றார்.

மூன்று வாரம் பொறுத்துக் கணக்கெடுத்தேன். முற்றிய இலையில் 24க்கு 13 துண்டுகளில் பூஞ்சை. தளிரில் 2 மட்டுமே. காரணம் படித்தபோது பொருந்தியது. மரங்களின் இலைகளில் இவை பெரும்பாலும் விதை வழியாக வருவதில்லை. காற்றிலும் பனியிலும் மழைத் துளியிலும் வரும் வித்துகள் இலைமேல் முளைத்து உள்ளே நுழைகின்றன. இலைக்கு வயது கூடக்கூட குடித்தனமும் கூடும். மொத்தத்தில் ஆறு வகை என்று நிறத்தையும் வளரும் வேகத்தையும் வைத்துப் பிரித்தேன். அதில் மூன்று வித்தே உண்டாக்கவில்லை. மலட்டு இழைகள் என்று இவற்றுக்குப் பெயர். மரபணு படிக்காமல் பெயர் சொல்ல முடியாது. அதனால் என் தட்டுகளில் 1 முதல் 6 வரை எண் மட்டும்தான். படம் அனுப்பிப் பெயர் கேட்டவர்களுக்கும் இதுதான் பதில். வேறொரு பூஞ்சையோடு குழப்பிக்கொள்ள இதில் வாய்ப்பு அதிகம்.

நம் பக்கத்தில் இந்தத் துறையில் நிறைய உழைத்திருக்கிறார்கள். சென்னையில் டி. எஸ். சூர்யநாராயணன் குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் மரங்களை இதே போல வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். நான் பின்பற்றிய இலை சுத்தம் செய்யும் முறையும் அந்த வகைக் கட்டுரைகளிலிருந்து எடுத்ததுதான். அதற்காகக் காட்டுக்குள் போய் நீங்களாக எதையும் பறித்து வராதீர்கள். அனுமதி வேண்டும். கொல்லை மரமே போதும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். தட்டு முழுவதும் பேக்கரி ஈஸ்ட்டைத் தடவி, பூஞ்சை வளர்ந்த அகரில் ஸ்டீல் ஸ்ட்ராவால் வட்டமாக வெட்டி எடுத்து நடுவில் வைத்தேன். நோய்க் கிருமி எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது, அதனால்தான் ஈஸ்ட். பக்கத்தில் பூஞ்சை இல்லாத வெறும் அகர் வட்டம் ஒன்றும் ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டு நாளில் 4ஆம் எண் வட்டத்தைச் சுற்றி ஈஸ்ட் முளைக்காத தெளிந்த வளையம், ஸ்கேலில் 4 மில்லிமீட்டர். வெறும் அகரைச் சுற்றி ஈஸ்ட் ஒட்டி வளர்ந்திருந்தது. மற்ற ஐந்தும் ஒன்றும் செய்யவில்லை.

உடனே முத்திரைத் தட்டு ஞாபகம் வந்தது. இந்த வளையம் பூஞ்சையுடையதா, இல்லை இலைத் துண்டோடு வந்த வேம்பின் கசப்பா? வேம்பே பூஞ்சையை எதிர்க்கக்கூடியது. ஆகவே 4ஆம் எண்ணை இலை இல்லாத புதுத் தட்டுக்கு மாற்றி, அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, மறுபடி சோதித்தேன். வளையம் இருந்தது. 3 மில்லிமீட்டர்.

டாக்ஸால் கதையிலும் இதே கேள்விதான் எழுந்தது. 2013இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் ஆய்வு, டாக்ஸால் தருவதாகச் சொன்ன பூஞ்சைகளை, ஆண்ட்ரியானேவையும் சேர்த்து, திரும்பச் சோதித்தது. அவை தாமாக அந்த மருந்தை ஆக்குவதற்குச் சான்று கிடைக்கவில்லை, யூ மரத்தில் உள்ள ஆக்க மரபணுக்களும் காணவில்லை என்று சொன்னது. அத்தைக்கு ஏறிய அந்த மருந்து இன்று யூ மர இலைகளிலிருந்து எடுத்த மூலப்பொருளை வைத்தும், தொட்டிகளில் வளர்க்கும் யூ மரச் செல்களிலிருந்தும்தான் தயாராகிறது, பூஞ்சையிலிருந்து இல்லை. படித்தபோது வருத்தமாக இருந்தது. ஆனால் அந்த ஆய்வைச் செய்தவர்கள்மேல் பெரிய மரியாதையும் வந்தது.

கேம்ப்டோதெசின் கதை இன்னும் சுவாரசியம். சீன மரம் ஒன்றிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் நோதபோடைட்டிஸ் மரத்திலும் இருக்கும் பொருள். இரினோடெகன், டோபோடெகன் என்ற புற்றுநோய் மருந்துகள் இதிலிருந்து வந்தவை. நோதபோடைட்டிஸுக்குள் வாழும் பூஞ்சையும் இதை ஆக்குவதாக 2005இல் ஜம்மு ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறகு சீன மரத்தின் பூஞ்சையை ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஆராய்ந்தபோது, தட்டு மாற்ற மாற்ற உற்பத்தி தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே போனது. அந்தப் பொருளைப் படிப்படியாக ஆக்கும் வழியில் தேவையான ஒரு முக்கிய நொதி பூஞ்சையிடம் இல்லை; அந்த ஒரு படிக்கு அது மரத்தைத்தான் நம்பியிருந்தது.

இதைப் படித்த வாரமே என் 4ஆம் எண்ணை நான்காவது முறை மாற்றிச் சோதித்தேன். வளையம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. ஈஸ்ட் கிட்டத்தட்ட ஒட்டியே வளர்ந்திருந்தது. பூஞ்சை மட்டும் முன்னைவிடக் கொழுகொழுவென்று வளர்ந்து நிற்கிறது. அதற்கு இப்போது சாப்பாடு தாராளம், எதிரி இல்லை, மரமும் இல்லை.

கடைக்கு வரும் ஒரு அண்ணன், “தம்பி, அந்த நாலாம் நம்பரைப் படைக்குப் பூசிப் பார்க்கலாமா” என்று கேட்டார். கூடவே கூடாது. ஈஸ்ட்டை நிறுத்தும் பொருள் நம் தோலையும் ஈரலையும் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. பூஞ்சைகள் மருந்தை ஆக்குவது போலவே நஞ்சையும் ஆக்குகின்றன. என் தட்டுகள் எதுவும் டேப் பிரியாமல் குக்கருக்குள் போய்த்தான் முடியும்.

முந்தாநாள் புதிதாக எட்டுத் தட்டு ஊற்றினேன். நாலில் வழக்கமான உருளைக்கிழங்கு ஊடகம், நாலில் அதோடு அத்தை மரத்து வேப்பிலைக் கஷாயம் கொஞ்சம். மரத்தின் வாசம் கிடைத்தால் வளையம் திரும்ப வருமா என்று பார்க்க வேண்டும். கஷாயம் மட்டும் ஊறிய வெறும் அகர் வட்டமும் ஒப்பிட எடுத்து வைத்திருக்கிறேன். அது இல்லாமல் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. இன்று காலை வரை கஷாயத் தட்டுகளில் பூஞ்சை மெதுவாகத்தான் நகர்கிறது, மற்றதில் பாதி தூரம்கூட இல்லை. ஈஸ்ட் தடவ இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.