மான்ஸ்டர் தேடிய மாதம்

நவம்பர் 2, 2025, ஞாயிறு இரவு

இன்று எங்கள் விளையாட்டில் ட்ரோல் என்ற அரக்கன் செத்த விதம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூன்று வாரமாக ஆற்றங்கரைக் குகையில் அதை ஒளித்து வைத்திருந்தேன். பச்சைத் தோல், முழங்காலைத் தொடும் கைகள், வெட்டினால் தானே மூடிக்கொள்ளும் காயம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை மகன் "தீப்பந்தம் எடுக்கிறேன்" என்றான். டீச்சர் தன் தீ மந்திரத் தாளை முன்னால் நகர்த்தி வைத்தார். ட்ரோலுக்கு 84 ஹிட் பாயின்ட், அதாவது அடிபட அடிபடக் குறையும் உயிர்க்கணக்கு, ஒவ்வொரு சுற்றிலும் 10 திரும்ப வளரும், நெருப்போ அமிலமோ பட்டால் வளராது. எல்லோருக்கும் மனப்பாடம். நான்கு சுற்றில் கதை முடிந்தது. அம்மா கொடுத்தனுப்பிய டீ இன்னும் ஆறவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். நான் கதை சொல்கிறேன், உலகத்தை நடத்துகிறேன். தங்கை, அத்தை மகன், எதிர்வீட்டு டீச்சர், பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வரும் நண்பர் ஆகிய நால்வரும் ஆளுக்கொரு பாத்திரம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடை முடிவு சொல்லும். தங்கை தரையில் கோலமாவால் கட்டம் போடுவாள். ஒரு கட்டம் ஐந்து அடி. புளியங்கொட்டைதான் எதிரிகள்.

அடுத்த கதை மலைநாட்டில் நடக்கப் போகிறது. அதற்குப் புது மான்ஸ்டர்கள் வேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

மாங்கூழ் ஆலையில் இது சீசன் இல்லாத மாதம். கணக்கு வேலை மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. மீதி நேரம் முழுக்க மான்ஸ்டர் மேனுவலை, அதாவது விளையாட்டின் பிராணிகளைப் பட்டியலிடும் புத்தகத்தை, புரட்டினேன்.

முதலில் பெரிய எண்ணாகத் தேடினேன். ஒவ்வொரு பிராணிக்கும் சேலஞ்ச் ரேட்டிங் என்று ஓர் எண் இருக்கும். ஆடுகிறவர்களின் பாத்திரங்களுக்கும் அனுபவம் கூடக் கூட ஏறும் நிலைகள் உண்டு. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் கணக்குப்படி, 4 என்று போட்டிருந்தால் நாலாம் நிலையில் இருக்கும் நான்கு பேர், ஓய்வெடுத்த உடம்போடு, யாரும் சாகாமல் அதை வெல்ல முடியும். எங்கள் ஆட்களும் நாலாம் நிலைதான். ஆனால் ஒற்றை மான்ஸ்டர் ஒருமுறை அடிப்பதற்குள் இவர்கள் நான்கு முறை அடித்துவிடுகிறார்கள். 4-க்குப் பதில் 6, 7 என்று ஏற்றிப் பார்த்தேன். அப்போது ஒரே அடியில் டீச்சரின் மந்திரவாதி விழுந்துவிடுவார். ஒன்று சலிப்பு, இல்லையென்றால் சாவு. நான் தேடுவது இந்த இரண்டுமே இல்லை.

இரவு பழைய வரலாறு ஒன்று நினைவுக்கு வந்தது. விளையாட்டு வெளிவந்தது 1974-ல். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், மேசையில் வைத்து ஆடுவதற்கு மலிவான பிளாஸ்டிக் பொம்மைகள் வாங்கினார். இன்ன மிருகம் என்று பெயர் சொல்ல முடியாத விசித்திர உருவங்கள். இரும்பைத் துருவாக்கும் ரஸ்ட் மான்ஸ்டர், ஆந்தைத் தலையும் கரடி உடலுமான அவுல்பேர், நிலத்தடியில் நீந்தும் புலெட் எல்லாம் அந்தப் பொம்மைகளிலிருந்து பிறந்தவை. 1977-ல் மான்ஸ்டர் மேனுவல் வந்தபோது அதிலும் இடம் பிடித்தன. முதலில் கையில் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. "இது என்ன செய்யும்?" என்று கேட்டிருக்கிறார்கள். எண் அப்புறம் வந்திருக்கிறது. நான் இரண்டு நாளாக எண்ணிலிருந்து தொடங்கிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 8, சனி

தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாமா ஊருக்குப் போய் வந்தேன். ராகி கதிர் முற்றி நிற்கிறது. இந்த மாதங்களில் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் வரும்.

"நேத்து ராத்திரி சாமி வந்துட்டுப் போச்சு, மாப்ளே" என்றார் மாமா. வயல் ஓரத்துக்குக் கூட்டிப் போனார். சேற்றில் முறம் அளவு தடம், அதில் தண்ணீர் ஊறி நின்றது. ஒரு மூலையில் கதிர்களை உருவித் தின்றிருந்தது. தடத்தின் விளிம்பு இடிந்து விழுந்திருப்பதைக் காட்டி, எந்த நேரத்துக்கு வந்திருக்கும் என்று சொன்னார். வீட்டு நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை.

சாயங்காலம் ஆனதும் பேச்சு வேறு எதிலும் நிற்கவில்லை. பரண் மேல் இன்று யார், பட்டாசு இருக்கிறதா, டார்ச்சுக்கு சார்ஜ் போட்டாயிற்றா, குழந்தைகள் யார் வீட்டில் படுப்பது. அத்தை அடுப்பை வழக்கத்தைவிட முன்பே அணைத்துவிட்டார். நான் யானையைப் பார்க்கவே இல்லை. ஆனால் நான்கு வீட்டுக்காரர்கள் அந்த ராத்திரியை எப்படிக் கழிக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்திருந்தது.

இதில் மனித உயிரும் போகிறது, யானை உயிரும் போகிறது. யானையைத் தூக்கி விளையாட்டில் வைக்க எனக்கு மனம் இல்லை. அந்த வரிசையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலில் தடம். பிறகு, அதனால் ஊர் மாற்றிக்கொண்ட பழக்கம். உருவம் கடைசியில். நான் ட்ரோலைச் செய்தது தலைகீழாக.

நவம்பர் 11, செவ்வாய்

முதல் தேர்வு ரஸ்ட் மான்ஸ்டர். இனி எங்கள் உலகத்தில் அதன் பெயர் இரும்புத்தின்னி.

புத்தகத்தில் அதன் சேலஞ்ச் ரேட்டிங் வெறும் அரை. 27 ஹிட் பாயின்ட். இதுவரை யாரும் அதைப் பெரிதாக மதித்ததில்லை. ஆனால் எந்த ஊரில் கொண்டு போய் விடுகிறோம் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். நம் பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் கணித்ததை 2022-ல் அறிவித்தார்களே, அப்படி இரும்பால் வாழ்கிற ஓர் ஊர். உலைகள், கசடு மேடுகள், கொல்லர் தெரு. அங்கே இது வந்தால்?

தடங்களை எழுதினேன். கதவில் கொண்டி இல்லை, கயிறு கட்டியிருக்கிறார்கள். ஏரில் கொழு இருந்த இடத்தில் கருவேலங்கட்டை. எல்லா வீட்டிலும் மண்சட்டி. கொல்லர் வீடு பூட்டிக் கிடக்கிறது, பூட்டும் மரத்தால் ஆனது. வாசல்படியில் செம்மண் மாதிரி ஏதோ சிதறிக் கிடக்கும். தொட்டுப் பார்த்தால் துரு.

மந்திரம் ஏறாத இரும்புக் கவசத்தை அது தொடும் ஒவ்வொரு முறையும், அடி படாமல் காக்கும் பாதுகாப்பு எண்ணில் ஒன்று நிரந்தரமாகக் குறையும். 10-க்கு இறங்கிவிட்டால் கவசமே போய்விடும். 30 அடி தூரத்திலேயே இரும்பை மோப்பம் பிடித்துவிடும். அத்தை மகன் அந்தக் கவசத்துக்காக இரண்டு வருஷமாகப் பொற்காசு சேர்த்தவன். ட்ரோலிடம் வராத பயம் இதனிடம் வரும்.

நவம்பர் 15, சனி

தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே நடுகற்கள் இருக்கின்றன. மாட்டு மந்தைக்காகச் சண்டையிட்டுச் செத்தவர்களுக்கு நட்ட கற்கள். வில்லும் வாளும் பிடித்த வீரன், மேலே வட்டெழுத்தில் இரண்டு மூன்று வரி. வெயில் சாய்வாக விழும்போது பார்க்க வேண்டும், புடைப்பு அப்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன்.

எல்லாக் கதையிலும் எலும்புக்கூடு எழுந்து வரும். எதற்கு வருகிறது? சும்மா வருகிறது, அடிக்கிறது. இங்கே காரணம் கல்லிலேயே இருக்கிறது. மாட்டைக் கவரப் போனவன் வெட்சி மறவன், மீட்கப் போனவன் கரந்தை மறவன். இரண்டு பக்கமும் செத்திருக்கிறார்கள்.

வெட்சி மறவர் என்று எழுதிக்கொண்டேன். செத்தும் மாட்டை ஓட்ட வருகிறவர்கள். குறுக்கே நிற்காதவரை மனிதரைத் தொடமாட்டார்கள். ஓட்டிப் போன மாடு விடியலில் அவர்களுடைய கல்லைச் சுற்றி உயிரோடு படுத்திருக்கும், ஆனால் அதன் பிறகு வீடு திரும்பாது. வாளால் வெட்டினால் விழுவார்கள், மறுநாள் இரவு அதே எண்ணிக்கையில் வருவார்கள்.

நிறுத்துவது எப்படி என்பதற்குத் தகடூர் அதியமானே விடை வைத்திருக்கிறார். அவர் இறந்த பின் ஔவையார் பாடிய பாட்டில், நடுகல்லுக்கு மயில் பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறிய கலத்தில் படைப்பது வருகிறது. நம் ஆட்கள் கல்லைத் தேடிப் போய், எழுத்தைப் படித்து, யார் என்று தெரிந்து, படைக்க வேண்டும். எழுத்து தேய்ந்துபோன ஒரு கல்லும் அங்கே நிற்கும். அவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது? இந்த இடத்தை எழுதும்போது எனக்கே கை நின்றுவிட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

வேண்டாம் என்று ஒதுக்கியவை.

புத்தகத்தில் இருக்கும் ராட்சசன். புலித் தலை, பின்பக்கமாகத் திரும்பிய உள்ளங்கை, சேலஞ்ச் ரேட்டிங் 13. எங்கள் நிலைக்கு எட்டாது. அதைவிட, நம் மேசையில் அந்தச் சொல்லைச் சொன்னதும் ஐந்து பேர் மனதிலும் ஐந்து ராட்சசன்கள் ஏற்கெனவே நிற்பார்கள், ஒன்றுகூட இதுபோல இருக்காது.

யாளி. ஆசைதான். ஆனால் அது தூணில் இருக்கும்போதே முழுசாக இருக்கிறது. நான் எதைச் சேர்த்தாலும் குறையும்.

முனி. பாலக்கோட்டு நண்பர் போன மாதம் கேட்டிருந்தார். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். எங்களுக்குக் குலதெய்வம் முனியப்பன். அம்மா வருஷம் தவறாமல் பொங்கல் வைக்கிறாள். அவருக்கு ஹிட் பாயின்ட் போட என் கை வராது. டீச்சரிடம் சொன்னேன். "கும்பிடுறது வேற, அடிக்கிறது வேற தம்பி, ரெண்டையும் ஒரே தாள்ல எழுத வேண்டாம்" என்றார். சரி என்று பட்டது. யாராவது இன்றும் கும்பிடுகிற எதற்கும் இனி எங்கள் விளையாட்டில் எண் கிடையாது.

நவம்பர் 20, வியாழன்

மூன்றாவதும் கிடைத்துவிட்டது. அசுணம்.

சங்கப் பாடல்களில் வரும் பிராணி. விலங்கு என்றும் பறவை என்றும் இரண்டு விதமாகச் சொல்வதுண்டு. நான் விலங்காக வைத்துக்கொள்கிறேன். இசைக்கு மயங்கும். வண்டுகளின் ரீங்காரத்தை யாழ் என்று நினைத்து மலைப்பிளவுக்குள்ளிருந்து காது கொடுத்துக் கேட்கும். வேட்டைக்காரர்கள் யாழ் வாசித்து அதை வரவழைப்பார்கள். மயங்கி நிற்கும்போது பறையை அறைவார்கள். அந்தச் சத்தத்திலேயே உயிர் போய்விடும்.

வாசித்த கையும் கொன்ற கையும் ஒரே பக்கத்து ஆள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

தங்கையின் பாத்திரம் பாடினி. இரண்டு வருஷமாக அவள் யாழை மற்றவர்களுக்கு ஊக்கம் கொடுக்க மட்டும் பயன்படுத்தியிருக்கிறாள். எனவே இது அவளுக்கான மான்ஸ்டர். 45 ஹிட் பாயின்ட், கூட்டத்துக்குள் மோதினால் பலமான அடி, ஓட்டத்தில் வீட்டுச் சுவரையே இடித்துவிடும். இசை கேட்டால் மனத்திடத்துக்கான பகடை 13-ஐத் தாண்ட வேண்டும், தவறினால் படுத்துவிடும். அந்த நிலையில் கைக்கெட்டும் தூரத்திலிருந்து பறை அடித்தால் சாவு. பகடைகூட வேண்டாம்.

தடம்: ஊரில் தாலாட்டு இல்லை. கல்யாண வீட்டில் நாதஸ்வரம் இல்லை. பெண்கள் களை எடுக்கும்போது பேசுகிறார்கள், பாடுவதில்லை. குழந்தை அழுதால் மடியில் போட்டு ஆட்டுகிறார்கள், வாய் திறப்பதில்லை. எங்கேயோ பாட்டுக் கேட்டால் அசுணம் அதைத் தேடி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

நவம்பர் 23, ஞாயிறு இரவு

ஐந்து மணி நேரம் ஆடினோம். வாள் உறையை விட்டு வெளியே வரவில்லை.

கயிறு கட்டிய கதவுகளை நான் சொன்னதும் அத்தை மகன்தான் முதலில் நிமிர்ந்தான். "ஏன் கொண்டி இல்ல?" வாசலில் கிடந்ததைத் தொட்டான். "துரு" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கவசத்தைக் கழற்றி, கம்பளியில் சுற்றி, ஊருக்கு வெளியே புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்டான். இரும்புத்தின்னி இன்னும் முகமே காட்டவில்லை.

மலையடிவாரத்து ஊரில், மூன்றாவது வீட்டில்தான் டீச்சர் கண்டுபிடித்தார். "இந்த ஊர்ல யாருமே பாடலையே." ஊர்ப் பெரியவராக நான் பேசினேன்: வாசிக்க ஒருவர், அடிக்க ஒருவர், முந்நூறு பொற்காசு. பாலக்கோட்டு நண்பரின் பாத்திரம் பறையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

இரவு, மலைப்பிளவு, வண்டுச் சத்தம். தங்கை வாசிக்கிறேன் என்றாள். அசுணத்துக்குப் பகடை உருட்டினேன், 6 விழுந்தது. பிளவுக்குள்ளிருந்து அது இறங்கி வந்ததை மெதுவாகச் சொன்னேன். காதுகள் முன்னால் மடிந்திருந்தன. அவள் பாத்திரத்தின் காலடியில் தலையை வைத்தது, மூச்சு அவள் பாதத்தில் பட்டது.

கோலமாவுக் கட்டத்தில் ஒரு புளியங்கொட்டை, அதைச் சுற்றி நான்கு பேர். பறை கையில் இருக்கிறது, நண்பர் அடிக்கிறேன் என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. "நீ சொல்லு" என்று தங்கையைப் பார்த்தார். அத்தை மகன் கவசம் இல்லாத தன் பாதுகாப்பு எண்ணைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான், அசுணம் முழித்துக்கொண்டால் முதல் அடி அவனுக்கு. டீச்சர், "அந்தக் குழந்தைங்களுக்குத் தாலாட்டு வேணுமே" என்றார். தங்கை வாசிப்பதை நிறுத்தவில்லை. நிஜமாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், எங்கள் பாட்டி பாடிய தாலாட்டு.

பாலக்கோட்டுக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்த இடத்திலேயே நிறுத்தினோம். கட்டத்தை அழிக்கக் கூடாது என்று தங்கை வாளியைக் கவிழ்த்து மூடி வைத்திருக்கிறாள்.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் தங்கை கேட்டாள்: "அண்ணா, அத ஊரை விட்டு தூரமா கூட்டிட்டுப் போனா, தினமும் வாசிக்கணுமா? அது என்ன திங்கும்?"

முதல் கேள்விக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். மலைக்கு மேலே காற்று புகுந்து ஊதும் மூங்கில் காடு ஒன்றை வரைபடத்தில் சேர்த்தேன். வண்டு துளைத்த மூங்கிலில் காற்று தானே பாடும். ஆனால் அங்கே போகும் வழி நடுகல் மேட்டைத் தாண்டித்தான், அசுணத்தை அழைத்துக்கொண்டு, பாடிக்கொண்டே, வெட்சி மறவர் வரும் இரவில் கடக்க வேண்டும். அவர்கள் அசுணத்தையும் மந்தையில் சேர்த்து ஓட்டப் பார்ப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை இல்லாததால் அம்மாவிடம் கேட்டேன். ராகி மாவைக் கிளறிக்கொண்டே, "பாட்டுக் கேக்குறதுன்னா புல்லு திங்கும். கறி திங்குறதுக்கு அவ்ளோ பொறுமை இருக்காது" என்றாள்.

தாளில் எழுதிவிட்டேன். உணவு: பசும்புல்.