ஜிப்ஸியின் நடுக்கம்

அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் கையை உதறும். போன மழைக்காலத்திலிருந்தே இப்படித்தான். சக்கரங்களைச் சமன்படுத்தியாயிற்று, டயர்களை முன்பின் மாற்றியாயிற்று. என் 1999 மாடல் மாருதி ஜிப்ஸி எதற்கும் மசியவில்லை.

சனிக்கிழமை காலை முன்புறத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். 'டக்'. மனைவியைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். மறுபடியும் 'டக்'. வீல் பேரிங் என்றால் பிரேக் பிடித்ததும் ஆட்டம் அடங்கியிருக்கும். அப்படியானால் முன்சக்கரம் இடம்வலமாகத் திரும்பும் அச்சைத் தாங்கும் கிங்பின் பேரிங்தான்.

பிரித்ததும் கிரீஸுக்குப் பதிலாகப் பழுப்புச் சேறு வழிந்தது. ஓடைகளைக் கடந்த பெருமையெல்லாம் அங்கேதான் தேங்கியிருந்தது போலும்! வளையத்தில் உருளைகள் நின்ற இடமெல்லாம் நகத்துக்குத் தட்டுப்படும் வரிப்பள்ளங்கள். புதிய பேரிங்குகளைப் பொருத்தி, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து, மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து இறுக்கம் பார்த்து முடிப்பதற்குள் மாலை ஆறு. தராசை மீன்காரரிடம் இன்னும் திருப்பித் தரவில்லை.

ஞாயிறு ஹெட்லைட் வேலை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.6 வோல்ட், பல்பிலோ 11.4. மின்னோட்டம் முழுவதும் பழைய ஸ்விட்சைச் சுற்றி வந்தால் வேறென்ன மிஞ்சும்? சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ரிலே இரண்டை வைத்து, ஃபியூஸ் போட்டு, பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தேன். அதே 60/55 வாட் பல்புதான். இப்போது எதிர்வீட்டுத் தென்னையில் குலைகளை எண்ணலாம். வெளிச்சம் அவ்வளவு மேலே போகக் கூடாது. அதைத் தாழ்த்துவது அடுத்த சனிக்கிழமை.