கொஞ்சிப் பேசுவதை 67 ஆய்வகங்கள் சேர்ந்து அளந்தபோது

2017-இல் ஜெர்மனியில் ஒரு சிறிய ஆய்வகத்தில் முனைவர் பட்ட மாணவியாக இருந்தேன். கைக்குழந்தைகள் பேச்சை எப்படிக் கேட்கிறார்கள் என்பதுதான் எங்கள் வேலை. பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து செய்யும் ‘மெனிபேபீஸ்’ (ManyBabies) கூட்டாய்வில் சேரலாமா என்று பேராசிரியர் கேட்டபோது தயங்கியது நான் ஒருத்திதான். என் ஆய்வேட்டுக்குக் குழந்தைகள் கிடைப்பதே பெரும்பாடு. வருகிற சிலரையும் இன்னொரு ஆய்வுக்குக் கொடுத்துவிட்டால் நான் என்ன செய்வது?

கைக்குழந்தைகளோடு வேலை செய்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும். குழந்தையிடம் கேள்வி கேட்க முடியாது. எதை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதை வைத்துத்தான் அதன் விருப்பத்தை ஊகிக்கிறோம். பத்து நிமிடத்துக்குள் பசி வரும், தூக்கம் வரும், அழுகை வரும். அதனால் ஓர் ஆய்வில் இருபது முப்பது குழந்தைகள் இருந்தாலே நிறைவாக இருக்கும். அவர்களும் ஒரே ஊர்க்காரர்கள், வார நாளில் நேரம் ஒதுக்கி வரக்கூடிய பெற்றோரின் பிள்ளைகள். அந்த முடிவை எழுதும்போது மட்டும் ‘ஆறு மாதக் குழந்தைகள்’ என்று பொதுவாக எழுதிவிடுவோம். இது எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. கடைசியில் சரி என்று சொன்னதும் அந்த உறுத்தலால்தான்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஃபிராங்கும் பல ஆய்வாளர்களும் சேர்ந்து முன்வைத்த யோசனை எளிமையானது: ஒரே சோதனையை, ஒரே ஒலிப்பதிவுகளைக் கொண்டு, பல நாட்டு ஆய்வகங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் செய்வது. பெரியவர்களிடம் பேசும் பேச்சைவிடக் கொஞ்சிப் பேசும் பேச்சைக் குழந்தைகள் விரும்புகிறார்களா என்பது முதல் கேள்வி. பதில் தெரிந்த கேள்விக்கு ஏன் இவ்வளவு உழைப்பு என்று முதலில் நினைத்தேன். பழகிய கேள்வியை எடுத்தால்தான் வேறுபாடு குழந்தையால் வருகிறதா, சோதனை முறையால் வருகிறதா, ஊரால் வருகிறதா என்று பிரித்துப் பார்க்க முடியும் என்பது பிறகு புரிந்தது.

கூட்டாய்வில் எங்கள் ஆய்வகத்தின் பெயரைப் பதிவு செய்தோம், நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கினோம், எங்கள் சோதனை அறை எப்படி இயங்குகிறது என்று வீடியோ எடுத்து அனுப்பினோம். அதெல்லாம் ஒழுங்காக நடந்தது.

பழக்கங்களை விடுவதுதான் கடினமாக இருந்தது. எங்கள் அறையில் குழந்தை அம்மா மடியில் இருக்கும். இரண்டு பக்கமும் விளக்கு. எந்தப் பக்க விளக்கு மின்னுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். குழந்தை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்வரை ஒலி தொடரும், இரண்டு விநாடி முகத்தைத் திருப்பினால் நின்றுவிடும். அம்மா காதில் ஹெட்ஃபோன். எந்த வகைப் பேச்சு ஒலிக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் மடியின் அசைவே குழந்தைக்குச் சைகையாகிவிடும். இவ்வளவும் எங்களுக்குப் பழகியதுதான். ஆனால் குழந்தை சிணுங்கினால் எப்போது நிறுத்துவது, எந்தக் குழந்தையைக் கணக்கில் சேர்ப்பது என்பதை அதுவரை அனுபவத்தை வைத்து அந்த நேரத்தில் முடிவு செய்துவந்தோம். இங்கே எல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தது. எத்தனை குழந்தைகளோடு நிறுத்துவோம் என்பதையும் தொடங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். நாங்கள் 32 என்றோம். பாதியில் அழுது போன குழந்தைக்கும் அட்டவணையில் ஒரு வரி உண்டு, காரணத்தோடு. முதல் மாதம் இது என்னை நம்பாததுபோலப் பட்டது. இரண்டாவது மாதத்தில், முன்பு நான் எத்தனை முடிவுகளை யாருக்கும் சொல்லாமல் எடுத்திருக்கிறேன் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த வருடத்தில் எனக்கு மறக்காதது ஒரு தொலைபேசி அழைப்பு. பெற்றோருக்கு நாங்கள் அனுப்பிய அழைப்புக் கடிதம் கண்டு யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் அழைத்தார். என் பெயரைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார். மகனுக்கு ஏழு மாதம். குழந்தை கேட்கும் பேச்சில் குறைந்தது 90 விழுக்காடு ஒரே மொழியாக இருக்க வேண்டும் என்பது முதன்மை ஆய்வின் விதி. அவர் வீட்டில் அம்மாவும் அம்மம்மாவும் தமிழ், ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த அப்பா பேசுவது ஜெர்மன். இருமொழிக் குழந்தைகளுக்குத் தனிக் கிளை ஒன்று இருந்தது. 7 நாடுகளில் 17 ஆய்வகங்கள் அதில் இருந்தன. எங்கள் ஆய்வகம் அதில் இல்லை.

“அப்ப என்ர பிள்ளையை எடுக்க மாட்டியளோ தங்கச்சி?”

“இந்த ஆய்வுக்கு முடியாதுக்கா.”

“அதில கதைக்கிற அம்மா என்ன பாஷை?”

“இங்கிலீஷ். வட அமெரிக்க அம்மாக்கள்.”

“அப்ப உங்கட ஜெர்மன் பிள்ளையளுக்கும் அது விளங்காதுதானே?”

என்னால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை. எல்லாருக்கும் ஒரே ஒலிப்பதிவு இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்றேன். அது உண்மைதான். அவர் கேட்டதும் உண்மைதான்.

கடைசியில் தரவை அனுப்பும் வேலைக்கு ஒரு வாரம் போனது. ஜெர்மன் எக்செலில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். 2.4 விநாடி என்பது 2,4 என்று இருந்ததால் எங்கள் கோப்பு மறுபடி மறுபடி பிழை என்றே வந்தது. பிறந்த தேதிகளை நீக்கி வயதை நாட்கணக்கில் மாற்ற வேண்டியிருந்தது. சேர நினைப்பவர்கள் இதை முதல் குழந்தை வருவதற்கு முன்பே ஒரு போலிக் கோப்பை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

முடிவு 2020-இல் வெளியானது. 67 ஆய்வகங்கள், கணக்கில் வந்தவர்கள் 2,329 குழந்தைகள், வயது 3 முதல் 15 மாதம். கொஞ்சிப் பேசும் பேச்சையே அவர்கள் விரும்பினார்கள். ஆனால் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்தபோது 0.67 என்று கிடைத்த விளைவின் அளவு (இரண்டு வகைப் பேச்சுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு பெரியது என்று காட்டும் எண்) இங்கே 0.35 மட்டுமே. எங்கள் 32 பேரைத் தனியே எடுத்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியவில்லை. அதை மட்டும் கையில் வைத்திருந்தால் ‘சோதனை சரியாக வரவில்லை’ என்று மூடி வைத்திருப்பேன். பல அலமாரிகளில் அப்படி மூடி வைத்தவை இருந்தால் தொகுப்பு எண் பெரிதாகத்தான் தெரியும். வயது கூடிய குழந்தைகளிடம் விருப்பம் கூடுதலாக இருந்தது. எங்களைப் போலத் தலை திரும்புவதை அளந்த ஆய்வகங்களில் விளைவு பெரிதாக வந்தது. வட அமெரிக்க ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைகளிடமும் விருப்பம் கூடுதலாக இருந்தது.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் அக்காவை அழைத்தேன். தொலைபேசியில் அவர் கேட்ட கேள்விக்கு இத்தனை குழந்தைகளிடமிருந்து ஒரு பதில் வந்திருப்பதைச் சொன்னேன். வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஆசியா என்று பரந்திருந்தாலும் பெரும்பாலான குழந்தைகள் முதல் இரண்டு இடங்களைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொன்னேன். கொள்ளைநோயில் மூடியிருந்த ஆய்வகம் திறந்தபின், தமிழ் அம்மாக்களின் குரலைப் பதிய அனுமதி வாங்கினேன். ஆங்கில ஒலிப்பதிவுகளுக்குப் பயன்படுத்திய அதே முறைதான். பையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து, குழந்தையிடமும் ஒரு பெரியவரிடமும் அதைப் பற்றிப் பேச வேண்டும். அக்காவுக்கு அப்போது இரண்டாவது குழந்தை பிறந்து ஐந்து மாதம். மகளை மடியில் வைத்துக்கொண்டு பைக்குள் கைவிட்டவர், ஒலிவாங்கியைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

“எங்கட வீட்டுத் தமிழில கதைக்கலாம்தானே?”

“அதுதான் வேணும்க்கா” என்றேன். பந்தை வெளியே எடுத்தார்.