தம்பிக்கு அனுப்பிய கோடநாடு

கோத்தகிரியில் மூன்று நாளாக விடாத மழை. வேறு வேலை ஓடாததால் கணினித் திரையை அலங்கரிக்க உட்கார்ந்தேன். கோடநாடு காட்சிமுனையில் எடுத்த எட்டுப் படங்கள், தேயிலைப் பச்சையில் டாஸ்க்பார், ஓரத்தில் ரெயின்மீட்டரில் (திரையில் கடிகாரம் போன்றவற்றை வைக்க உதவும் மென்பொருள்) ஒரு கடிகாரம்.

பெருமை தாங்காமல், இந்தத் திரை அலங்காரத்தைச் சேமித்து வைக்கும் தீம் ஃபைலை சென்னையில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். "அக்கா, நிறம் மட்டும்தான் மாறியது, ஒரு படமும் வரலை" என்றான். பிறகுதான் உறைத்தது. சாதாரண தீம் ஃபைலுக்குள் படங்கள் இருக்காது, அவை என் கணினியில் எங்கே இருக்கின்றன என்ற முகவரி மட்டும்தான் இருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் தீம் மேல் ரைட் கிளிக் செய்து, பகிர்வதற்காகச் சேமி என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் படங்களையும் சேர்த்து டெஸ்க்தீம்பேக் என்ற ஒரே ஃபைலாகக் கட்டித் தருகிறது.

சரி, கடிகாரம்? அது இந்த மூட்டையில் ஏறாது. ரெயின்மீட்டரிலேயே ஆர்எம்ஸ்கின் என்ற பேக்கேஜ் ஃபைலைத் தனியாகச் செய்ய வேண்டும். எழுத்துருவை ரிசோர்சஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸில் போட மறந்தால் அவன் பக்கம் வேறு எழுத்தில்தான் தெரியும். எனக்கு இன்னொரு கூத்தும் நடந்தது: கடிகாரத்தின் ஃபைலில் கிழமையைத் தமிழில் எழுதி, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்தேன், 'செவ்வாய்' கோழிக் கிறுக்கலாகிவிட்டது. யுடிஎஃப்-16 இல் சேமித்ததும் சரியானது.

இப்போது தம்பியின் திரையிலும் கோடநாட்டிலிருந்து தெரியும் பாறையான ரங்கசாமி தூண் நிற்கிறது. வேர்த்துக்கொண்டே பார்க்கிறானாம். யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், இரண்டு ஃபைலையும் அனுப்புகிறேன். கரண்ட் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.