நிழல் தள்ளி விழுந்த கான்டாக்ட்

எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் துறைமுக சர்வே படகில் பல வருடம் வேலை பார்த்தேன். படகுக்குப் பின்னால் கேபிளில் சைடு ஸ்கேன் சோனாரை இழுத்துக்கொண்டு போவோம். அது இரண்டு பக்கமும் ஒலியை அனுப்பும், திரும்பி வருவது திரையில் படமாக ஓடும். தரையில் கிடக்கும் நங்கூரமோ அறுந்த வலையோ என்றால், ஒலி எட்டாத அதன் பின்பக்கம் படத்தில் நிழலாகத் தெரியும், அந்த நிழல் அதோடு ஒட்டியே விழும். நிழலின் நீளத்தை வைத்துப் பொருளின் உயரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

திரையில் தனியாகத் தெரியும் பொருளை நாங்கள் கான்டாக்ட் என்போம். ஒருநாள் வந்த கான்டாக்ட்டில் நிழல் ஒட்டவில்லை. நன்றாகத் தள்ளி விழுந்திருந்தது. அப்படியென்றால் அது தரையில் இல்லை, நடுத்தண்ணீரில் நிற்கிறது. படகைத் திருப்பி அதே லைனில் போனோம். எதுவும் இல்லை. படகு ஓட்டிய காசிமேட்டு அண்ணன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "அங்க பாரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது தம்பி. நம்ம வலை மாட்டினதே இல்ல" என்றார். பார் என்றால் கடலடிப் பாறை.

சாயங்காலம் அந்தப் பதிவு இருந்த ஹார்ட் டிஸ்க் கைமாறியது. வாங்கிக்கொண்டவர்கள், வெளியே பேச வேண்டாம் என்றார்கள். அத்தோடு சரி. மீன் கூட்டமாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. அவ்வளவு ஆழமில்லாத இடத்தில் நீர்மூழ்கி வரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லாமல் போனது.

ரகசியமே கூடாது என்று சொல்லமாட்டேன். ரோந்துக் கப்பல்கள் கட்டுகிற கரை இது. கடலடித் தரவு கண்டவர் கைக்குப் போகக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால் ஸ்வீடனில் நடந்ததை நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது. 1981-ல் ஒரு சோவியத் நீர்மூழ்கி அவர்கள் கரையில் தட்டி நின்றது. அதற்கப்புறம் தண்ணீருக்குள் கேட்ட ஒரு விதச் சத்தத்தையெல்லாம் ரஷ்யர்கள் என்றே கடற்படை துரத்தியது. பதிவுகள் பூட்டியே இருந்தன. சோவியத் யூனியன் கலைந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. 1996-ல் வால்பெர்க், வெஸ்டர்பெர்க் என்ற இரண்டு விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு அதைக் கேட்க வைத்தார்கள். ஹெர்ரிங் மீன்கள் உடம்பிலிருந்து வெளியேற்றும் காற்றுக் குமிழிகளின் சத்தம் அது என்று தெரிந்தது. நம்ம மத்திக்குச் சொந்தக்கார மீன்தான். மீனைத் தெரிந்தவரிடம் முன்னாலேயே கேட்டிருந்தால் எவ்வளவு பயம் மிச்சமாகியிருக்கும்!

கடலைத் தெரிந்தவர்கள் தேடினால், கிடைத்ததை வெளியே சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேரோடு காணாமல் போனது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் பிடித்தது. 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அதை வெளியிட்டது. ஏழரை வருடம் காத்திருந்த 29 வீடுகளுக்கு அந்தப் படங்கள் என்னவாக இருந்திருக்கும் என்று சோனார் திரை முன் உட்கார்ந்தவனுக்குத் தெரியும்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்கிறேன். கான்டாக்ட் ஷீட்டில் 'அடையாளம் தெரியவில்லை' என்று மட்டும் போட்டுவிட்டு நகராதே. நேரம், ஆழம், நிழல் எவ்வளவு தள்ளி விழுந்தது, படகுக்கார அண்ணன் என்ன சொன்னார், எல்லாவற்றையும் எழுது. பூட்டி வைக்கட்டும், பரவாயில்லை. என்றைக்காவது திறந்து பார்க்கிறவருக்கு அதெல்லாம் வேண்டும்.