மூடுபனித் துளிக்குள் வெயில் செய்யும் வேலை

காற்றில் கலந்த பூச்சிக்கொல்லியை வெயில் சிதைத்துவிடும் என்று பலரும் ஆறுதலாகச் சொல்கிறார்கள். சிதைந்து அது என்னவாகிறது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த ஆறுதலுக்குப் பொருள் உண்டு என்று நான் கருதுகிறேன். இக்கேள்விக்கு ஏற்ற இடம் கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கு.

குளிர்கால மழை ஓய்ந்து காற்று அசையாதிருக்கும் இரவுகளில், ‘டூலி’ என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் அடர்ந்த மூடுபனி அப்பள்ளத்தாக்கில் தேங்கிவிடும். பாதாம், பீச் மரங்கள் இலையின்றி நிற்கும் அதே பருவத்தில்தான் பாரத்தியான், டயசினான் போன்ற பூச்சிக்கொல்லி மருந்துகளை அவற்றின் மீது பல ஆண்டுகள் தெளித்து வந்தார்கள். அங்கும் மேரிலாந்திலும் திரட்டிய பனிநீரை ஆராய்ந்து 1987-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான கட்டுரை, காற்றில் உள்ள வாயுவின் அளவைக் கொண்டு அது நீரில் கரையும் அளவைக் கணக்கிடும் ஹென்றி விதிப்படி, தூய நீரில் கரைந்திருக்க வேண்டிய அளவைக் காட்டிலும் சில மருந்துகள் பல ஆயிரம் மடங்கு செறிந்திருந்ததைக் காட்டியது.

பொழுது விடிந்ததும் அத்துளிக்குள் வேதிவினைகள் முடுக்கம் பெறுகின்றன. தரையை எட்டும் புறஊதாக் கதிரைத் துளியில் கரைந்திருக்கும் நைட்ரைட் உறிஞ்சிப் பிளவுபடும்போது, கரிமச் சேர்மம் எதையும் விட்டுவைக்காத ஹைட்ராக்சில் தனி உறுப்பு (இணையற்ற எலக்ட்ரானால் தீவிரமாக வினைபுரியும் OH துணுக்கு) பிறக்கிறது. நைட்ரேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பு அயனிகளும் இதற்குத் துணைபுரிகின்றன என்றாலும், அப்பகுதிப் பனிநீரில் நைட்ரைட்டின் பங்கே பெரிது. மாட்டுப் பண்ணைகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் எழும் அம்மோனியா துளியின் அமிலத்தன்மையைத் தணித்துவிடுவதால், நைட்ரஸ் அமிலம் ஆவியாகி வெளியேறாமல் நைட்ரைட்டாகத் துளியிலேயே தங்கிவிடுகிறது. அதாவது, வேளாண்மை வெளியிடும் ஒரு மாசே, அதே வேளாண்மையின் இன்னொரு மாசைத் தாக்கும் கருவியை ஆக்கித் தருகிறது. இவ்வினைகளில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது இதுதான்.

ஆனால் தாக்கப்படும் மூலக்கூறு ஒரே எட்டில் கரியமில வாயுவாகிவிடுவதில்லை. பாரத்தியான் காற்றில் ஆக்சிஜனேற்றம் பெறும்போது, பாஸ்பரசுடன் பிணைந்த கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் வந்தமர்ந்து பாராக்சான் உருவாகிறது. நரம்புகளுக்கு இன்றியமையாத அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை நேரடியாக முடக்குவது இந்தப் பாராக்சான்தான். தாய்ச்சேர்மத்தைவிட நஞ்சு மிகுந்ததும் நீரில் எளிதில் கரைவதுமான அது மூடுபனியிலும் சேர்ந்துவிடுகிறது. பென்சீன் வளையத்தில் OH இணைந்த கரிமச் சேர்மங்களான ஃபீனால்களின் கதையும் ஏறத்தாழ இதுவே: நைட்ரைட் உள்ள நீரில் ஒளி படும்போது, அவற்றில் ஒரு பகுதி நைட்ரோஃபீனால்களாக மாறுகிறது.

முழுச் சிதைவுக்கு வேண்டிய நேரமும் துளிக்குக் கிடைப்பதில்லை. வெயில் ஏறினால் பனி கலைந்து, பாதி வினை முடிந்த சேர்மங்கள் நுண்துகள்களாகவோ வாயுவாகவோ மூச்சுக்காற்றில் எஞ்சுகின்றன. எனவே, தெளித்த மருந்து குறைந்துவிட்டது என்று மட்டும் காட்டும் அளவீட்டை என்னால் ஏற்க முடியவில்லை. அதே மாதிரியில் பாராக்சான் போன்ற ஆக்சான் எவ்வளவு, நைட்ரோஃபீனால் எவ்வளவு என்ற கணக்கும் உடன் வர வேண்டும். தோட்டங்களில் காலையில் வேலைக்கு இறங்குபவர்கள் சுவாசிப்பது அவற்றையும் சேர்த்துத்தான்.