குவியத்தூரச் சுருக்கியும் வன்னியின் தென்வானமும்

ஆடியும் வில்லையும் சேர்ந்த எட்டு அங்குல ஸ்மிட்-காசெக்ரெயின் தொலைகாட்டி வைத்திருப்பவர்கள் வானத்தைப் படமெடுக்கத் தொடங்கியதும், போக்கல் ரெடியூசர் எனப்படும் குவியத்தூரச் சுருக்கியை (தொலைகாட்டியின் பின்புறத்தில் பூட்டும் வில்லைத் தொகுதி) வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். வன்னியிலிருந்து படமெடுப்பவர்களுக்கு என் பதில், வாங்குங்கள் என்பதே. ஆனால் அது படத்தைப் பிரகாசமாக்கும் என்று வழமையாகச் சொல்லப்படும் காரணம் பாதி உண்மைதான்.

இந்தத் தொலைகாட்டியின் வாய் அகலம் 203 மில்லிமீற்றர். குவியத்தூரம் 2032 மில்லிமீற்றர். ஆகவே குவியத்தூரத்தை வாய் அகலத்தால் வகுத்து வரும் குவிய விகிதம் எஃப் 10. பின்புறத்தில் 0.63 மடங்குச் சுருக்கியைத் திருகினால் குவியத்தூரம் ஏறத்தாழ 1280 மில்லிமீற்றராகி, விகிதம் எஃப் 6.3 ஆகிறது. வாய் அகலம் மாறாததால், ஒரு நெபுலாவிலிருந்து உள்ளே வரும் ஒளியின் அளவும் மாறுவதில்லை. அந்த ஒளி கமராவின் உணரியில் பரவும் பரப்பு மட்டுமே சுருங்குகிறது. குளத்துத் துருசால் வரும் அதே தண்ணீரைப் பத்து வயலுக்கு விடாமல் நான்கு வயலுக்கு விடுவது போல, ஒவ்வொரு பிக்சலுக்கும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளி கிடைக்கிறது. நுணுக்கம் குறைந்துவிடுமே என்று அஞ்சத் தேவையில்லை. 4.3 மைக்ரோமீற்றர் பிக்சல் கொண்ட கமராவில் சுருக்கி இல்லாமல் ஒரு பிக்சல் 0.44 விகலையையே (ஒரு விகலை என்பது பாகையின் 3600 இல் ஒரு பங்கு) பார்க்கிறது. காற்றின் அலைவு ஒரு விண்மீனை இரண்டு, மூன்று விகலைக்குப் பரப்பிவிடும் இரவுகளில் அவ்வளவு நுண்மையால் பயனில்லை.

இங்குள்ளவர்களுக்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒளி மாசு நிறைந்த நகரத்தில் வானத்தின் பின்னணி ஒளியே கமராவின் வாசிப்பு இரைச்சலை (உணரியிலிருந்து படத்தை வாசிக்கும்போது சேரும் பிசிறு) சில செக்கன்களில் மூழ்கடித்துவிடும். கிளிநொச்சி நகரத்தை விட்டு விலகிய வயல்வெளிகளில் வானம் இருட்டாக இருப்பதால், எஃப் 10 இல் அந்த நிலையை எட்ட ஒவ்வொரு படத்தையும் நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு நேரம் விண்மீன் இழுபடாமலிருக்கத் தொலைகாட்டியைச் சுமந்து திருப்பும் தாங்கியின் அச்சு, வானம் சுற்றுவதுபோல் தோன்றும் மையமான வான முனையை மிகச் சரியாக நோக்க வேண்டும். நாம் ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் அதே 9 பாகையில், பெரும்பாலும் பனைகளுக்கும் புழுதிக்கும் பின்னால் மறைந்து கிடக்கிறது. (வட நாட்டவர்களுக்காக வடிவமைக்கப்பட்ட சில தாங்கிகளை இவ்வளவு தாழ்த்தினால் எதிர்ப்பாரத் தண்டு முக்காலியில் இடித்துக்கொள்வது தனிக்கதை.) விண்மீன் நகர்வைப் பார்த்து அச்சைத் திருத்தும் முறை இருந்தாலும் அதற்கு நேரம் செல்லும். சுருக்கியோ தேவையான நேரத்தைக் குறைப்பதோடு, எஞ்சிய பிழையையும் உணரியில் சிறிதாக்கிவிடுகிறது.

அடுத்தது தென்வானம். எட்மண்ட் ஹேலி 1677 இல் செயின்ற் ஹெலெனாத் தீவிலிருந்து குறித்துவைத்த ஒமேகா சென்டோரி விண்மீன் கொத்து, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் தலைகாட்டுவதே இல்லை; இங்கோ சித்திரை மாத நள்ளிரவில் 33 பாகை உயரத்துக்கு வருகிறது. இரணைமடுக் குளத்தின் கட்டு வடபுறத்தில் அமைந்திருப்பதால், அங்கிருந்து தெற்கே பார்ப்பவருக்கு நீர்ப்பரப்புக்கு மேல் திறந்த வானம் கிடைக்கும். நகரத்தின் வெளிச்சமும் முதுகுப்புறம் போய்விடும். அந்தக் கொத்தின் அகலம் ஏறத்தாழ 36 கலை (ஒரு கலை என்பது பாகையின் 60 இல் ஒரு பங்கு). ஏ.பி.எஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு உணரியின் பார்வைப் பரப்பு எஃப் 10 இல் 38 க்கு 25 கலைதான் என்பதால் கொத்தின் மேலும் கீழும் வெட்டுப்படும். எஃப் 6.3 இல் அது 60 க்கு 40 கலையாக விரிய, கொத்து முழுவதும் அடங்கிவிடுகிறது. முழுநிலவுக்கும் இதே கணக்குத்தான்.

சுருக்கியைப் பொருத்துவதில் கவனிக்க வேண்டியது, அதன் பின்விளிம்பிலிருந்து உணரி வரையுள்ள தூரம். இந்தச் சுருக்கிக்கு அது ஏறத்தாழ 105 மில்லிமீற்றர். தொலைகாட்டியுடன் இணைப்பதற்கான டி-வளையம் பூட்டிய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கமராவுக்கு 55, வழமையான டி-இணைப்புக் குழாய்க்கு 50 என்று கணக்குச் சரியாக வந்துவிடும். இடையில் வடிகட்டி செருகினால் அதன் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தூரத்தில் கூட்ட வேண்டும். தூரம் கூடினால் சுருக்கமும் கூடும். அதோடு மூலைகளில் இருட்டும் நீண்டுபோன விண்மீன்களும் சேர்ந்து வரும்.

மூலை இருட்டு ஓரளவுக்கு எப்படியும் இருக்கும். அதைப் போக்க, சீரான வெளிச்சத்தை நோக்கி எடுக்கும் பிளாட் படங்களுக்கு அந்திவானத்தை நம்பச் சொல்கிறார்கள். நமது அகலக்கோட்டில் அந்தி விரைவில் கழிந்துவிடுவதால், குழாயின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டி மடிகணினியின் வெள்ளைத் திரையைப் பிடிப்பதே எனக்கு வசதி. கமராவைத் திருப்பினால் பிளாட் படங்களைப் புதிதாக எடுக்க வேண்டும்.

கோள்களைப் படமெடுக்கையில் சுருக்கியைக் கழற்றிவிடுங்கள். அங்கே குவியத்தூரம் நீள்வதே நல்லது. மூலைவரை விண்மீன்கள் கூர்மையாக விழும்படி திருத்தப்பட்ட எட்ஜ் எச்.டி. வகைத் தொலைகாட்டிக்கு இந்த 0.63 சுருக்கி பொருந்தாது, அதற்கென்றே 0.7 மடங்குச் சுருக்கி விற்கப்படுகிறது. இரண்டு பாகை அகலமுள்ள கரீனா நெபுலாவுக்கு எஃப் 6.3 உம் போதாது. அதை முழுதாக எடுக்க விரும்புபவர் சிறிய ஒளிவிலகல் தொலைகாட்டி ஒன்றுக்குப் பணம் சேர்ப்பது மேல்.